தலைவர் கடலில் குதித்த அத்தியாயம்

எங்கள் நகரசபைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை எழுதிவைப்பதுதான் என் உத்தியோகம். கூட்டம் நடப்பது புதன்கிழமை. நான் எழுதுவது செவ்வாய்க்கிழமை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எல்லோரையும் போல நடந்ததைப் பார்த்து நடந்தபடியே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு உறுப்பினர் குறட்டை விட்டதும், இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து "நீ யோக்கியனா?" என்று கேட்டதும் குறிப்பில் ஏறிவிட்டன. தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் கோபப்படுவதற்குத் தனியாக ஆள் வைத்திருப்பார்கள். கப்பல் புறப்படும் முன்பே சரக்குப் பட்டியல் தயாராகிவிடுகிறதே, அந்தப் பட்டியலைப் பார்த்துத்தானே சரக்கு ஏற்றுகிறோம், கூட்டத்துக்கு மட்டும் ஏன் பட்டியல் பின்னால் வரவேண்டும் என்று நிதானமாகக் கேட்டார். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை நான் குறிப்பு எழுதுவேன், செயலாளர் திருத்துவார், மாலைக்குள் அச்சாகி வந்துவிடும். மறுநாள் உறுப்பினர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதன்படி பேசுவார்கள். 'சிரிப்பு' என்று போட்டிருக்கும் இடத்தில் சிரிப்பார்கள். ஒருமுறை ஒரு உறுப்பினர் செவ்வாய்க்கிழமை மாலையே காலமாகிவிட்டார். புதன்கிழமை அவர் பேசியதாக அச்சாகியிருந்தது. பேச்சு நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம்.

தலைவர் என்று நான் சொல்வது கப்பல் முதலாளியை. ஒரே ஒரு பழைய படகில் ஆரம்பித்து ஏழு நீராவிக் கப்பல்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஏழு கப்பல்களுக்கும் தம்முடைய ஏழு நற்குணங்களின் பெயரையே வைத்திருந்தார். 'எளிமை' எல்லாவற்றிலும் பெரியது, மூன்று புகைபோக்கி. 'பணிவு' இரண்டு முறை துறைமுகச் சுவரில் மோதியது. 'நேர்மை' பெரும்பாலும் பழுதுபார்க்கும் துறையில்தான் கிடக்கும். கப்பல்களோடு வணிகர் சங்கம், துறைமுகக் குழு, மருத்துவமனைக் குழு, நூலகக் குழு என்று நகரத்தில் எத்தனை நாற்காலிகள் மேஜையின் தலைப்பக்கத்தில் போடப்பட்டிருந்தனவோ அத்தனையிலும் அவரே உட்கார்ந்தார். வேறு யாராவது உட்கார்ந்தால் அவருக்கு முதுகு வலிக்கும்.

அவருக்கு அறுபது வயது நிறைய ஆறு மாதம் இருக்கும்போது, அவருடைய வாழ்க்கை வரலாற்றை நகரசபையே வெளியிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. தலைவர் கடுமையாக மறுத்தார். மறுப்புரையைச் செவ்வாய்க்கிழமை அவரே இரண்டு முறை திருத்திக் கொடுத்தார்.

வரலாற்றுக் குழு உட்கார்ந்து அத்தியாயங்களைப் பிரித்தது. பிறப்பு, இளமை, முதல் படகு, ஏழு கப்பல்கள், நகரத் தொண்டு எல்லாம் இருந்தன. வீரம் மட்டும் இல்லை. கடலில் தொழில் செய்த மனிதருக்குக் கடலில் ஒரு வீரச் செயல் இல்லாவிட்டால் படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று செயலாளர் கவலைப்பட்டார். தலைவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் பழைய கப்பல் மேடையில் யாரோ தண்ணீரில் விழுந்ததும், யாரோ யாரையோ இழுத்துப் போட்டதும் தமக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றார். அந்த இடத்தில் தாமும் இருந்தது நிச்சயம் என்றார். மற்ற விவரத்தைக் குழு கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்றார்.

அந்தச் சம்பவத்தில் இருந்த இன்னொருவரைத் தேடி நாங்கள் அலையவேண்டியிருக்கவில்லை. அவர் சபை வாசலில் இருந்த பெஞ்சில் பதினோராவது முறையாக மனுவோடு உட்கார்ந்திருந்தார்.

கயிற்றுக்காரர் என்றால் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பல் மேடையை ஒட்டி வரும்போது மேலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். கீழே நின்று அதைப் பிடித்து, அதன் நுனியில் கட்டியிருக்கும் தொடைத் தடிமனுள்ள வடத்தை இழுத்து, மேடையில் இருக்கும் இரும்புக் குற்றியில் மாட்டவேண்டும். நாற்பது வருடமாக அதுதான் அவர் வேலை. உள்ளங்கை இரண்டும் பழைய செருப்பு மாதிரி இருக்கும். அவர் கேட்டது ஒரு தண்ணீர்க் குழாய். மேடைக்குப் பின்னால் அவருடைய தெருவில் நாற்பத்தாறு வீடுகள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ரயில் என்ஜின்களுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கு ஒன்றரை மைல் நடக்கவேண்டும். என்ஜின் குடித்தது போக மிச்சம்தான் கிடைக்கும். அவருடைய மனைவிக்கு இடுப்பெலும்பு தேய்ந்துபோய்விட்டது, இன்னும் ஒரு வருடம் குடம் சுமந்தால் படுத்தபடுக்கைதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

முதல் மனுவுக்கு, அப்படி ஒரு தெரு வரைபடத்தில் இல்லை என்று பதில் போனது. அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்துத் தாமே ஒரு வரைபடம் போட்டு எடுத்துவந்தார். அதற்கு, மேற்படி தெருவை இன்ஜினியர் நேரில் பார்வையிட்டதாகவும், தெருவிலிருந்து முப்பது கஜ தூரத்திலேயே தண்ணீர் ஏராளமாக இருப்பதைக் கண்டதாகவும் பதில் போனது. அந்தத் தண்ணீர் கடல் என்று மூன்றாவது மனுவில் எழுதினார். தண்ணீரின் சுவை பற்றிய புகார்கள் சுகாதாரக் குழுவுக்குப் போகவேண்டியவை என்று திருப்பி அனுப்பினோம். முந்தைய பத்து மனுக்களுக்கும் பதில் எழுதியது என் கைதான். நான் சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

குழுவின் முன் அவரை நிறுத்தினார்கள். நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். பாவம், சொல்லிவிட்டார். அப்போது தலைவருக்கு இருபத்தைந்து வயது, கையில் ஒரு படகுதான். துறைமுக அதிகாரி ஒருவர் மேடைக்கு வந்தாராம். அதிகாரிக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று தலைவர் வணக்கம் வைத்தபடியே பின்னால் பின்னால் நடந்திருக்கிறார். மேடை முடிந்துவிட்டது, வணக்கம் முடியவில்லை. கப்பலுக்கும் மேடைக்கும் நடுவில் விழுந்தவரைக் கயிறு எறிந்து தாம்தான் இழுத்துப் போட்டதாகக் கயிற்றுக்காரர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

செயலாளர்தான் பேசினார்.

"பெரியவரே, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கயித்துக்கு ரெண்டு முனை. ஒரு முனையில நீங்க, ஒரு முனையில ஐயா. யாரு யாரை இழுத்தாங்கன்னு அந்த அவசரத்துல எப்படித் தெரியும்?"

"நான் மேல நின்னேங்க. அவரு தண்ணியில இருந்தாரு."

"அது அப்போ. இப்போ யாரு மேல இருக்காங்க?"

கயிற்றுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்த அறையில் இருக்கிறவர்களுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்பது போல இருந்தது. நான் பேனா முனையைத் துடைத்துக்கொண்டேன். செயலாளர் பக்கத்திலிருந்த காகிதக் கட்டிலிருந்து பதினோராவது மனுவை உருவி மேஜைமேல் வைத்து, இதில் தலைவர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே குழாய் வேலை தொடங்கலாம் என்றும், ஆனால் தம்மால் காப்பாற்றப்பட்ட ஒருவர் கேட்டால்தான் தலைவருக்குக் கை வரும் என்றும் சொன்னார். கயிற்றுக்காரர் மனுவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு, "ஐயாதாங்க என்னைக் காப்பாத்தினாங்க" என்றார். குரல் வெளியே வரவில்லை. எனக்கு அது தேவையாகவும் இல்லை, நேற்றே எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, தயாரான வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. சுவரில் கயிற்றுச் சுருள்கள், மூலையில் கவிழ்த்துவைத்த குடங்கள். அவருடைய மனைவி நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம். என்ன காகிதம் என்று கேட்டார். சொன்னேன். வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ஒரு உசுரை இழுத்துப் போட்ட ஆளுன்னுதான் எங்கப்பா உங்களுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தாரு. வேற என்ன இருந்துச்சு உங்ககிட்ட?"

"உன் இடுப்புக்காகத்தான் சொல்றேன்."

"என் இடுப்பைப் பத்தி எழுதியிருக்காங்களா அதுல?"

எழுதவில்லை என்று நான் சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். கயிற்றுக்காரர் மனைவியிடமிருந்து காகிதத்தை மெதுவாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் எனக்குக் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஒன்றரை மைல் நடந்து வந்த தண்ணீர். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

வாக்குமூலத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் புத்தகத்தில் போட ஒரு புகைப்படம் வேண்டும் என்று குழு சொன்னது. அதனால் பிறந்தநாளன்று பழைய மேடையின் படித்துறையில், ஊர் பார்க்க, அந்த வீரச் செயலைத் திரும்ப நடத்திக் காட்டுவது என்று முடிவாயிற்று. கயிற்றுக்காரர் தண்ணீரில் மூழ்கவேண்டும். தலைவர் கடைசிப் படியில் நின்று கை நீட்டித் தூக்கவேண்டும். தலைவர் குதித்ததாகத்தானே அத்தியாயத்தில் இருக்கிறது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். குதித்த பிறகு தூக்கியதைத்தான் காட்டுகிறோம், குதித்ததை வாசகர் மனத்தில் பார்த்துக்கொள்வார் என்று செயலாளர் விளக்கினார். தலைவருக்கு நீச்சல் தெரியாது என்பதை யாரும் பேசவில்லை.

மூழ்குவதற்கென்று ஒரு துணைக்குழு போட்டார்கள். மூன்று ஒத்திகை நடந்தது. பிறந்ததிலிருந்து கடலோரத்தில் இருக்கிற மனிதர், தண்ணீரில் இறங்கினால் உடம்பு தானாக மிதந்தது. எவ்வளவு முயன்றும் அவரால் மூழ்க முடியவில்லை. இது ஒத்துழையாமை என்று துணைக்குழு குறித்துக்கொண்டது. பிறகு இடுப்பில் ஈயக் குண்டு கட்டினார்கள். அப்போது மூழ்கினார், ஆனால் கையை ஆட்டவில்லை. கையை ஆட்டினால் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது, மூழ்குகிறவன் 'ஐயா' என்று மரியாதையோடு கூப்பிடவேண்டுமே தவிர இப்படிப் பொதுவாகக் கத்தக்கூடாது என்றார்கள். மருத்துவ அதிகாரி அவருடைய நெஞ்சைத் தட்டிப் பார்த்து, மூழ்குவதற்குத் தகுதியானவர் என்று சான்றிதழ் கொடுத்தார். கிழிந்த சட்டையோடு வரச்சொன்னார்கள். அவரிடம் இருந்ததே கிழிந்த சட்டைதான். ஆனால் அந்தக் கிழிசல் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கிழிசல் போல இல்லை என்று வேறொன்று கொடுத்தார்கள்.

ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் சட்டையைப் பிழிந்துகொண்டே அவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"குழாய் நிச்சயம் வந்துடுங்களா?"

வந்துவிடும் என்று சொல்வேன். செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் அது இருந்தது, நானே எழுதியிருந்தேன், அதனால் நானும் நம்பினேன்.

பிறந்தநாள் புதன்கிழமை வந்தது. மேடை முழுக்கக் கொடி. முன்வரிசையில் உறுப்பினர்கள், ஒவ்வொருவர் கையிலும் அச்சான குறிப்பு. பின்னால் ஊர். ஓரத்தில் அந்தத் தெருப் பெண்கள், அவர்களுக்கு நடுவே ஒரு கம்பைப் பிடித்தபடி கயிற்றுக்காரரின் மனைவி. தலைவர் நீண்ட அங்கி போட்டு, கழுத்தில் பதவிச் சங்கிலி மாட்டியிருந்தார். தங்க முலாம் பூசிய கனத்த சங்கிலி, ஏழு பதக்கங்களில் ஏழு கப்பல்கள். முதலில் பேசினார்.

"இந்த நகரத்தில் யார் மூழ்கினாலும் முதலில் அறிகிறவன் நான்தான். ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் என்னுடைய கப்பலில்தான் இருப்பார்கள். உயிரின் மதிப்பை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த நஷ்டஈட்டுத் தொகையை நான் மனப்பாடமாக அறிவேன்."

உறுப்பினர்கள் காகிதத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பிறகு கயிற்றுக்காரர் தண்ணீரில் இறங்கி, சொல்லிக்கொடுத்தபடி மரியாதையாக மூழ்க ஆரம்பித்தார். தலைவர் கடைசிப் படிக்கு வந்தார். புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் விழாவுக்குத் தலைநகரிலிருந்து வரவேண்டிய மேலதிகாரியின் வண்டி, தாமதமாக, வந்து நின்றது. அதிகாரி இறங்கிப் படித்துறையின் மேல் படிக்கு வந்தார். தலைவர் கண்டுவிட்டார். சட்டென்று கடலுக்கு முதுகைக் காட்டி அதிகாரியின் பக்கம் திரும்பி, முழு மரியாதையோடு குனிந்து வணக்கம் வைத்து, அந்த வணக்கத்துக்கு இடம் போதாமல், பழக்கத்தில் ஓரடி பின்னால் வைத்தார்.

படி அங்கே முடிந்திருந்தது.

அங்கியும் சங்கிலியும் ஏழு கப்பல்களுமாகத் தலைவர் உள்ளே போனார். ஒரு தடவை மேலே வந்தபோது அவர் போட்ட சத்தத்தில் மரியாதைச் சொல் எதுவும் இல்லை. கயிற்றுக்காரர் ஈயக் குண்டை அவிழ்த்து எறிந்தார். இரண்டே கை வீச்சில் போய்ச் சங்கிலியைப் பிடித்து, வடத்தை இழுப்பது போலக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, தலைவரைப் படியில் கொண்டுவந்து போட்டார். புகைப்படக்காரர் பயத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். தலைவர் குப்புறக் கிடந்து தண்ணீராகக் கக்கினார்.

ஊர் முழுக்கப் பார்த்தது.

செயலாளர் எழுந்தார். காகிதத்தை விரித்து, அடுத்த வரியைக் கணீரென்று வாசித்தார்: "தலைவர் ஒரு கணமும் தயங்காமல், தம் உயிரைப் பொருட்படுத்தாது, மூழ்கிக்கொண்டிருந்த ஏழைத் தொழிலாளியை மீட்டார்." உறுப்பினர்கள் குனிந்து பார்த்தார்கள். 'நெடுநேரக் கைதட்டல்' என்று போட்டிருந்தது. நெடுநேரம் தட்டினார்கள். முன்னால் இருப்பவர்கள் தட்டுவதைப் பார்த்து, தாங்கள்தான் எதையோ தப்பாகப் பார்த்துவிட்டோம் போலிருக்கிறது என்று பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள்.

மேலதிகாரி ஊருக்குப் புதியவர். அவர் கையில் காகிதம் இல்லை. குழப்பத்தோடு செயலாளரைப் பார்த்து, "யாரு யாரைக் காப்பாத்தினது? நான் பார்த்தது வேற மாதிரி இருந்துச்சே" என்றார்.

"கண்ணால பார்க்கிறதை மட்டும் நம்புறதுன்னா நகரசபை எதுக்குங்க?" என்றார் செயலாளர். "காப்பாத்தப்பட்டவரே இருக்காரு. அவரையே கேளுங்க."

எல்லோரும் கயிற்றுக்காரரைப் பார்த்தார்கள். அவர் சொட்டச் சொட்ட நின்றார். செயலாளரின் இடது கையில் பதினோராவது மனு இருந்தது, கையெழுத்து வேண்டிய இடம் வெறுமையாக. கூட்டத்தின் ஓரத்தில் அவருடைய மனைவி கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடம் அவர் நடந்ததைச் சொல்லியிருந்தால், கேட்பதற்குத் தலைநகரத்து ஆள் ஒருவர் இருந்தார், பார்த்த சாட்சி ஆயிரம் பேர் இருந்தார்கள். சொல்லிவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. அப்படி மனம் அடித்துக்கொள்கிறவன் நானே எழுந்து சொல்லியிருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. கயிற்றுக்காரர் மனைவியின் இடுப்பைப் பார்த்தார்.

"ஐயாதாங்க" என்றார்.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. ஈரக் கையோடு அங்கேயே மனுவில் கையெழுத்துப் போட்டார். மனு இன்ஜினியரிடம் போனது. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் போட விதியில் இடமில்லை என்றும், தலைவரின் கையெழுத்து நனைந்து மங்கியிருப்பதாகவும் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தப் பதிலையும் நான்தான் படியெடுத்து அனுப்பினேன். கயிற்றுக்காரர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெஞ்சில் உட்காரவில்லை. பன்னிரண்டாவது மனு வரவேயில்லை.

அதே மாதம் தலைவரின் வீரத்துக்கு ஒரு சிலை வைக்கத் தீர்மானம் ஆயிற்று. இடம், வீரம் நிகழ்ந்த பழைய மேடையின் முனை. அதாவது அந்தத் தெருவின் வாசல். கடலில் நிகழ்ந்த செயலாகையால் சிலையில் தண்ணீர் ஓடினால்தான் பொருத்தம் என்றார்கள். தண்ணீர் எங்கிருந்து ஓடவேண்டும் என்று மூன்று கூட்டம் நடந்தது. தலைவரின் எந்த உறுப்பிலிருந்து தண்ணீர் வந்தாலும் மரியாதையாக இராது என்பதில் எல்லோரும் ஒருமனதாக இருந்தார்கள். முடிவில் மருத்துவ அதிகாரி, மூழ்கியவன் குடித்த தண்ணீர் அவன் வாய்வழியாக வெளியே வருவதே இயற்கை என்று கருத்துச் சொன்னார். அது ஏற்கப்பட்டது. தெருவுக்குக் குழாய் போட விதி இல்லாவிட்டாலும் சிலைக்குப் போட விதி இருந்தது. பத்தொன்பதே நாளில் மலையடிவார நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வந்து சேர்ந்தது. நல்ல இனிப்பான தண்ணீர். 'இத்தண்ணீர் அழகுக்காக மட்டும்' என்று ஒரு பலகையும் காவலுக்கு ஒரு ஆளும் வைத்தார்கள். காவல்காரர் வீடும் அதே தெருவில்தான் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

பொதுமக்கள் சிலையைக் கண்டு மெய்சிலிர்த்தார்கள் என்று செவ்வாய்க்கிழமை எழுதிவிட்டேன். என்னவோ, இந்த ஒரு முறை மட்டும் நேரில் போய்ப் பார்க்கவேண்டும் போல இருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் போனேன்.

நாற்பத்தாறு வீட்டுக் குடங்களும் வரிசையில் இருந்தன. கல்லில் தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, ஒரு கையால் ஒரு மனிதனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். சிற்பி புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியதால் அந்த மனிதனின் முகம் கயிற்றுக்காரரின் முகமாகவே அச்சாக அமைந்திருந்தது. அதே மூக்கு, அதே ஒட்டிய கன்னம். வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கயிற்றுக்காரர் கொஞ்சம் தள்ளி, சிலையின் பக்கம் திரும்பாமல், நிறைந்த குடத்தைத் தூக்கிப்போவதற்காகக் காத்திருந்தார். அவருடைய மனைவியின் முறை வந்தது. கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்தக் கல் வாய்க்குக் கீழே குடத்தைப் பிடித்தார். பாதி நிறைந்த பிறகு, கணவரிடம் பேசாமல், கல்லிடம் பேசினார்.

"அத்தனை பேர் முன்னால கேட்டாங்க. அப்பவும் இந்த வாயிலேருந்து உண்மை வரல. போகட்டும், தண்ணியாவது வருதே."